சமைத்த சோறு போடக்கூடாது

அக்டோபர் 29, செவ்வாய்

மறுபடியும் சோறு. தூ!

முப்பத்தொரு வருடம் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். செத்த எலி, அடைத்த சாக்கடை, மீன் சந்தைக் கழிவு எல்லாம் பார்த்த மூக்கு இது. அந்த மூக்கே இன்று மொட்டைமாடியில் டிரம்மைத் திறந்ததும் திரும்பிக்கொண்டது. காய்ந்த சருகை ஒதுக்கினால் அடியில் ஒரு கை அளவு சோறு. வெறும் சோறு என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். மென்று துப்பிய சோறு! ரசம் ஊற்றிப் பிசைந்து, வாயில் போட்டுக் குதப்பி, வழவழவென்று உருண்டை உருண்டையாகத் துப்பி, மேலே சருகைப் போட்டு மூடியும் வைத்திருக்கிறார்கள். இடுக்கியால் எடுத்தபோது நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. கீழே வந்து மூன்று முறை சோப்புப் போட்டும் கையை மூக்குப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை.

பாளையங்கோட்டையில் இந்தக் குடியிருப்பில் பன்னிரண்டு வீடு. எல்லா வீட்டுக் காய்கறிக் கழிவும் மாடிக்கு வரும், நாலு டிரம்மில் மக்கி உரமாகும், அந்த உரத்தில் கத்தரியும் தக்காளியும் கீரையும் வளரும். உப்பு உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. இத்தனையும் என் ஏற்பாடு. சுவரில் சிவப்புப் பெயின்டில் நானே எழுதி வைத்த முதல் விதி, 'சமைத்த சோறு போடக்கூடாது'. சோறு விழுந்தால் டிரம் புளித்து நாறும், புழு வைக்கும், எலி வரும். இது தெரியாத ஆள் இங்கே யாருமில்லை. தெரிந்தேதான் செய்கிறார்கள்.

மூன்றாம் மாடிக்காரர்கள் ஏற்கெனவே நாற்றம் நாற்றம் என்று குதிக்கிறார்கள். டிசம்பர் முதல் தேதி கூட்டத்தில் டிரம் இருக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார்களாம். அதற்குள் இந்தச் சோற்று மூதேவியைப் பிடித்தாக வேண்டும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய்ப் பலகாரம் ஒன்றுவிடாமல் தின்றேன். செண்பகம் ஒரு அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போனவள், வெகு நேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீரை வீணாக்காதே என்று சத்தம் போட்டேன். நல்ல நாளும் அதுவுமாக என் வாயில் இது வந்திருக்க வேண்டாம்.

நவம்பர் 2, சனி

கந்தசஷ்டி ஆரம்பம். என் மனைவி ஆறு நாளும் விரதம். பாலும் இளநீரும் மட்டும். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் சஷ்டிக்கு ஒரு வேளை பட்டினி கிடந்தவள், இந்த வருடம் ஆறு நாளைக்குச் சேர்த்து இறங்கிவிட்டாள். பக்தி முற்றிவிட்டது. இருக்கட்டும், எனக்கு மட்டும் சமைத்தால் போதும்.

என் வீட்டைப் பற்றி ஒன்று எழுதி வைக்கிறேன், பெருமையாகவே எழுதுகிறேன். இங்கிருந்து ஒரு பருக்கைகூடத் தெருக் குப்பைத்தொட்டிக்குப் போகாது. குப்பைக்கூடை என்ற சாமானே வீட்டில் கிடையாது. தேயிலைச் சக்கை ரோஜாவுக்கு, அரிசி கழுவின தண்ணீர் கீரைக்கு, தோல் துண்டெல்லாம் டிரம்முக்கு. மிச்சம் விழுகிற பேச்சே இல்லை. செண்பகம் அளந்து வைப்பாள், அந்த அளவை நான் பார்ப்பேன்.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். ஒரு வாரமாக டிரம்மில் சோறு இல்லை. என் சத்தத்துக்குப் பயந்துவிட்டார்கள்.

நவம்பர் 9, சனி

பயமாவது மண்ணாவது. இன்று மறுபடியும் சோறு, அதோடு முட்டைக்கோஸ். மென்றது, துப்பியது, எச்சில் பளபளப்போடு. அதன்மேல் வெள்ளைப் புழு நெளிகிறது. மழை வேறு, டிரம்முக்குள் தண்ணீர் இறங்கி ஊறிப்போய்க் கிடக்கிறது. எனக்கு வாந்தி வராத குறை.

பொறுத்தது போதும் என்று கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: 'இது மனுஷன் செய்கிற வேலையா? தின்னத் தெரியாதவர்கள் தின்னாமல் இருங்கள். எச்சிலை மாடிக்குக் கொண்டுவந்து கொட்டுகிற ஜென்மம் யார் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். - சிவசைலம், 1ஏ.' எட்டுப் பேர் கட்டைவிரல் போட்டார்கள். மூன்றாம் மாடிக்காரர் மூக்கைப் பொத்தும் பொம்மை போட்டார்.

செண்பகமும் அந்தக் குழுவில் இருக்கிறாள். சோபாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதைப் போய் எல்லாரும் பாக்க மாதிரிப் போடணுமா?"

"பார்க்கட்டும். பார்த்து நாண்டுக்கிடட்டும்."

"யாரோ என்னமோ. முடியாத ஆளா இருந்தா?"

"முடியாத ஆளு மாடி ஏறி வந்து சருகைப் போட்டு மூடுமா? நீ சும்மா கெட."

சும்மா கிடந்தாள்.

நவம்பர் 11, திங்கள்

துப்புத் துலக்க ஆரம்பித்துவிட்டேன். வீடு வீடாக வாளி எடுத்து மாடியில் கொட்டுகிறவள் முப்பிடாதி. காலை ஏழு மணிக்குக் கொட்டுவாள், எட்டு மணிக்கு நான் கிளறிப் பார்ப்பேன். அப்போது சுத்தம். சாயங்காலம் தண்ணீர் விடப் போகும்போது அசிங்கம். ஆக, நான் மத்தியானம் படுத்து எழும் இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் வருகிறது.

முப்பிடாதியை நிறுத்திக் கேட்டேன்.

"காலையில கொட்டிட்டு நான் போயிருதேன் ஐயா. மத்தியானம் யாரு ஏறுதா, யாரு எறங்குதானு எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாம இங்க ஒரு பூனை நடக்காதே."

"தெரிஞ்சாலும் நான் சொல்ல மாட்டேன் ஐயா. வயித்துக்குள்ள போகாத சோத்துக்கு என்ன விசாரணை?"

வாய்! வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். இவளும் உடந்தையோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று தட்டுப்பட்டது. ஒரு வாரம் சோறு விழவில்லையே, அந்த வாரம் ஊரில் இல்லாதது யார்? 2பி பியூலா டீச்சர். ஒன்றாம் தேதி தூத்துக்குடியில் மகன் வீட்டுக்குப் போய், எட்டாம் தேதி ராத்திரி திரும்பினார். ஒன்பதாம் தேதி சோறு. எழுதும்போதே மனசு கொஞ்சம் தயங்குகிறது. செண்பகத்துக்கு நெருங்கின சிநேகிதி. சத்துணவு வரிசையில் பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்த மனுஷி.

நவம்பர் 12, செவ்வாய்

மீன் கரைசல் டப்பாவைத் திறந்தேன். மீன் குடலும் வெல்லமும் நாற்பது நாள் ஊறினது. திராட்சைப் பழ வாசனை வரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகம் எழுதினவனுக்கு மூக்கு இல்லை. இரண்டாம் மாடி வரைக்கும் ஜன்னலை அடைக்கிற சத்தம் கேட்டது. செடிக்கு நல்லதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தெளித்தேன்.

நவம்பர் 14, வியாழன்

செண்பகம் நாலு ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. ஆறு கிலோ குறைந்திருப்பாள். நடைப்பயிற்சி என்று நானும் தினமும் எட்டுப் போடுகிறேன், தொப்பை ஒரு இஞ்சு குறையவில்லை. அவள் எங்கேயும் போகாமலே இளைத்துவிட்டாள். நஞ்சில்லாக் காய்கறியின் பலன் இது என்று குழுவில் எழுதினேன். மூன்றாம் மாடிக்காரர்கள் படிக்கட்டும்.

நவம்பர் 15, வெள்ளி

சோறு. இட்லியும். இட்லியைக்கூட மெல்லத் தெரியாத ஆள் எந்த ஊர் ஆள்?

நவம்பர் 17, ஞாயிறு

சிறகவரை காய்த்துவிட்டது! ஆடியில் பியூலா டீச்சர் கொடுத்த விதை. நாலு பக்கமும் சிறகு வைத்தாற்போல, விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று ஏழு காய். முதல் பறிப்பு. மூன்றை டீச்சருக்குக் கொடுத்தேன், விதைக்காரருக்கு முதல் பங்கு. நாலு எங்களுக்கு.

செண்பகம் தேங்காய் போட்டுப் பொரியல் வைத்தாள். நன்றாயிருந்தது. நீயும் உட்கார் என்றேன்.

"நீங்க சாப்பிட்டுப் படுங்க. நான் தலைக்கு ஊத்திட்டுச் சாப்பிடுதேன்."

கொஞ்ச நாளாகவே ஒன்றாக உட்காருவதில்லை. நான் சாப்பிடும்போது முகத்தைச் சுளித்துச் சுளித்து அவளுக்குப் பசி போயிருக்கும். டிரம்மைக் கிளறிவிட்டு வந்து அதைப் பற்றியே பேசுகிறேன், யாருக்குத்தான் சோறு இறங்கும்?

நவம்பர் 18, திங்கள்

அகப்பட்டுக்கொண்டார்!

நேற்று சாயங்காலம் மழை பெய்ததால் மாடிக்குப் போகவில்லை. இன்று காலை டிரம்மைத் திறந்தால் சருகுக்கு அடியில் சோற்றோடு சோறாகச் சிறகவரைத் துண்டு. நார் நாராக மென்று துப்பியது. இந்தக் கட்டடத்திலேயே, ஏன், இந்தத் தெருவிலேயே சிறகவரை இரண்டே வீட்டுக்குத்தான் போனது. ஒன்று என் வீடு. இன்னொன்று 2பி.

நேராகப் போய்க் கதவைத் தட்டினேன். செண்பகம் "ஏங்க, ஏங்க" என்று பின்னாலேயே படியேறி ஓடிவந்தாள். கார்த்திகைச் சோமவார விரதம் என்று வெறும் வயிற்றோடு இருந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

டீச்சர் கதவைத் திறந்ததும் இடுக்கியை அப்படியே நீட்டினேன்.

"இது என்ன டீச்சர்?"

"என்ன அண்ணாச்சி இது? கருமம், அங்க தள்ளிப் பிடிங்க."

"நான் நேத்துக் குடுத்த சிறகவரை. நாலு மாசம் தண்ணி ஊத்தி வளத்தேன். நீங்க மென்னு துப்பி என் டிரம்முக்குள்ளயே கொண்டாந்து போட்டிருக்கீங்க. பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்ன வாயா இது? வெக்கமா இல்லையா?"

டீச்சருக்கு முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போது என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"நான்தான் அண்ணாச்சி. நான்தான் போட்டேன்."

"தினமுமா?"

"தினமுந்தான். பல்லு சரியில்ல. இனிமே போட மாட்டேன், விட்டுருங்க."

விடுவேனா? குழுவில் மன்னிப்பு எழுத வேண்டும் என்றேன். எழுதுகிறேன் என்றார். திரும்பினால் செண்பகம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். சிநேகிதிக்காக இவ்வளவு அழுகை. நீ எதற்கு அழுகிறாய், சோறு துப்பினது நீயா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

டீச்சர் குழுவில் எழுதிவிட்டார். இரண்டே வரி. 'மாடி டிரம்மில் சோறு போட்டது நான்தான். எல்லோரும் மன்னிக்கவும்.' அதைக் குழுவின் உச்சியில் குத்தி வைத்தேன். டிசம்பர் ஒன்றாம் தேதி டிரம் தப்பித்தது. மனசுக்கு நிம்மதி. ஆனால் காபி கசந்தது.

நவம்பர் 20, புதன்

"அந்தப் படத்தையாவது எடுத்துருங்களேன்" என்றாள் செண்பகம். இது மூன்றாவது தடவை.

"கெடக்கட்டும். அடுத்தவனுக்குப் பாடம்."

அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். இட்லி வைத்தாள், துணி மடித்தாள், விளக்கேற்றினாள்.

நவம்பர் 21, வியாழன்

நாலு டிரம்முக்கும் பூட்டுப் போட்டேன். சாவி என் சட்டைப் பையில். பிளாஸ்டிக் மூடியில் கொக்கி பொருத்த மத்தியானத் தூக்கம் போயிற்று.

நவம்பர் 23, சனி

வீட்டுக்குள் ஒரு நாற்றம். எலி செத்திருக்குமா என்று பீரோவை நகர்த்திப் பார்த்தேன். இல்லை. செண்பகம் இன்று சனிக்கிழமை விரதமாம். எந்தச் சாமியைத்தான் இவள் விட்டு வைத்திருக்கிறாள்?

நவம்பர் 24, ஞாயிறு

கறிவேப்பிலைத் தொட்டியில் சோறு.

நவம்பர் 25, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைக் கன்று இலை வெளுத்து நின்றது. தொட்டி ஓரமெல்லாம் எறும்புச் சாரை. வேர் அழுகலாயிருக்கும் என்று நினைத்துச் சின்ன முள்கரண்டியால் கிளறினேன். இரண்டு விரல்கடை ஆழத்தில் வெள்ளையாக வந்தது. உருண்டை உருண்டையாக. புளித்த வாடை. அதே சோறு. ஒன்றரை மாதமாக நான் இடுக்கியால் தூக்கிப் போட்ட அதே சோறு, என் வீட்டுத் தொட்டியில், என் வீட்டு அரிசி.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறைக்க மாட்டேன். "ஏட்டி!" என்று கத்தினேன். செண்பகம் வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நீயா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாயத் தெறந்து சொல்லு. ஏன் திங்காம மென்னு மென்னு துப்புத?"

"எறங்க மாட்டேங்குங்க."

"என்னது?"

"சோறு எறங்க மாட்டேங்கு. இங்கன வந்து நின்னுருது." நெஞ்சுக் குழியைத் தொட்டுக் காட்டினாள். "முன்ன தண்ணி குடிச்சா எறங்கிச்சு. அப்புறம் குழைச்சுச் சாப்பிட்டா எறங்கிச்சு. இப்ப இட்லிகூட நிக்கு. கஞ்சி மட்டுந்தான் போகு."

"எத்தனை நாளா?"

"ஆவணி நடுவுல இருந்து."

ஆவணி. நான் மாதத்தை விரல் விட்டு எண்ணினேன். மூன்று மாதம் ஆகப்போகிறது.

நம்ப முடியவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டு என்றேன். என்ன கிறுக்குத்தனம்! ஆய்வாளர் புத்தி, கண்ணால் பார்த்தால்தான் திருப்தி. அவளும் மறுக்காமல் எழுந்து போய்த் தயிர்ச்சோறு கொஞ்சம் எடுத்துவந்து என் முன்னால் உட்கார்ந்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். கண்ணை மூடி விழுங்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சேலைத் தலைப்பை வாய்க்கு அண்டக் கொடுத்துத் துப்பினாள்.

அதே உருண்டை. நான் படம் எடுத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் காட்டினேனே, அதே உருண்டை.

"தெருக் குப்பையில போட்டிருக்கலாம்லா" என்றேன். கேட்க வேண்டிய கேள்வியா இது? வாயில் வந்தது இதுதான்.

"நம்ம வீட்டுலதான் குப்பைக்கூடையே இல்லையே. கையில எடுத்துக்கிட்டுத் தெருவுக்குப் போனா என்னனு கேப்பீங்க. சரி, மண்ணுக்காவது போகட்டும், செடிக்காவது ஆகும்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் இன்னைக்கு எறங்கிரும், இன்னைக்கு எறங்கிரும்னுதான் பிசையுதேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

துப்பின தலைப்பை மடித்துச் சுருட்டினாள். பிறகு சொன்னாள்.

"பொண்ணு மூக்கு ஒழுகினாலே முன்ன நீங்க அடுத்த ரூமுக்குப் போயிருவீங்க. நான் துப்பத் துப்ப நீங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும். உங்களால முடியாதுங்க. கார்த்திகை முடியட்டும், பியூலாகூட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திரலாம்னு இருந்தேன். இப்பவே போவோம்னு அவ தினமும் திட்டுனா. அந்தப் படத்தைப் பாத்த பெறகு ஒரேயடியாச் சொல்லக் கூடாதுன்னு ஆயிட்டு."

முப்பத்தாறு வருடம் கூடவே இருந்தவள், தன் வாயிலிருந்து வருவதைப் புருஷனிடம் காட்டப் பயந்து மூன்று மாதம் பட்டினி கிடந்திருக்கிறாள். விரதம் விரதம் என்று நான் கேலி செய்தேன். இளைத்ததைக் குழுவில் போட்டுப் பெருமை அடித்தேன். எனக்கு இன்று நாற்றமெடுப்பது டிரம் அல்ல. நான்தான்.

நவம்பர் 26, செவ்வாய்

திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பாதி வழிக்கு மேல் குழாயே போகவில்லையாம். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் மகள் வயதுதான் அந்த டாக்டருக்கு.

"வீட்ல இவ்ளோ எடை குறையுத வரைக்கும் யாருமே கவனிக்கலையா சார்?"

செண்பகம் முந்திக்கொண்டாள். "நான்தாம்மா விரதம்னு சொல்லி ஏமாத்திட்டேன்."

பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள இன்னொரு ஆள். நான் தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 27, புதன்

மகள் பகவதி பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். என்னோடு பேசவில்லை. அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள்.

படத்தை அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதால் என் போனில் மட்டும்தான் அழியுமாம். மற்றப் பதினொரு வீட்டிலும் அப்படியேதான் இருக்கும். டீச்சரின் மன்னிப்பை உச்சியிலிருந்து எடுத்தேன். பூட்டையெல்லாம் கழற்றினேன்.

நவம்பர் 28, வியாழன்

2பி கதவைத் தட்ட மூன்று முறை ஏறி இறங்கினேன். நாலாவது முறை டீச்சரே கதவைத் திறந்து, "என்ன, படியை அளக்கீங்களா? உள்ள வாங்க" என்றார்.

"டீச்சர், நான் பேசினது..."

"பேசுனீங்க. நல்லாவே பேசுனீங்க. இடுக்கியை மூஞ்சிக்கு நேரா நீட்டுனீங்க. அதை நான் இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன், அதைச் சொல்லிருதேன்."

"ஏன் டீச்சர் ஒத்துக்கிட்டீங்க? நான் இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

"உங்க பின்னால அக்கா கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னாங்க அண்ணாச்சி. நீங்க திரும்பிப் பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கலையே!"

நான் அழுதுவிட்டேன். டீச்சர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, அழுது முடிக்கும் வரை ஜன்னல் பக்கம் நின்றார். அப்புறம், "மன்னிப்பெல்லாம் அப்புறம் பாக்கலாம். அக்காவுக்குக் கஞ்சியை வடிகட்டிக் குடுக்கத் தெரியுமா, அதைச் சொல்லுங்க" என்றார். தெரியாது. கற்றுக் கொடுத்தார். பருப்பும் கேரட்டும் குழைய வேகவைத்து, மசித்து, வேட்டித் துணியில் வடித்து, சூடு ஆறின பிறகு கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

கூட்டம். மூன்றாம் மாடிக்காரர் டிரம்மை எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். நான் எழுந்து, "டிரம்மில் சோறு விழுந்தது என் வீட்டிலிருந்து. டீச்சர் போடவில்லை. என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை, அது எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சில பேர் அங்கேயே போனை எடுத்து அழித்தார்கள். மூன்றாம் மாடிக்காரரும் அழித்தார்.

டிரம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இனி பார்த்துக்கொள்வது பியூலா டீச்சரும் முப்பிடாதியும். அதுதான் சரி. நாற்றத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அதற்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பார்க்கத் தெரியவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. உணவுக்குழாயில் புற்று. வேறு எங்கும் பரவவில்லை, மருந்தும் கதிரும் கொடுத்துப் பிறகு அறுவை செய்யலாம் என்கிறார்கள். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால்? கேட்டேன். "இப்ப வந்ததைப் பாப்போம் சார்" என்றார் டாக்டர். வயிற்றில் ஓட்டை போட்டு, உணவு செலுத்தக் குழாய் வைக்கப் பதிவு செய்திருக்கிறார்கள். வியாழக்கிழமை. கொஞ்ச நாளைக்கு அது வழியாகத்தான் எல்லாம்.

டிசம்பர் 4, புதன்

வார்டில் எங்கள் கட்டில் ஜன்னலோரம். பகவதி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். செண்பகம் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் குழாய் வச்சிருவாங்கல்லா?"

"ஆமா."

"அதுக்கு முன்னால ஒரு வாய் சாம்பார் சோறு வேணும்ங்க."

"இறங்காதே செண்பகம்."

"எறங்க வேண்டாம். ருசிக்கு. மென்னுட்டுத் துப்பிருதேன். நாக்கு செத்துப் போச்சு."

நர்ஸிடம் கேட்டேன். விழுங்காமல் இருந்தால் சரி, பக்கத்திலேயே இருங்கள் என்றாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். மாடியில் கத்தரிக்காய் இரண்டு பறித்தேன். எனக்குத் தெரிந்த மட்டும் சாம்பார் வைத்தேன், நெய் ஊற்றினேன். மத்தியானம் ஒரு மணிக்குத் தூக்குவாளியோடு வார்டுக்குள் நுழைந்தபோது செண்பகம் எழுந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள், விருந்துக்கு உட்காருகிறவள் போல.

பிசைந்து ஒரு சின்ன உருண்டை கொடுத்தேன். வாயில் வாங்கினாள். கண்ணை மூடினாள். மென்றாள். மெதுவாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு பருக்கையாக. மூன்று மாதமாகப் பயந்து பயந்து மென்றவள் இன்று பயமில்லாமல் மென்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

அப்புறம் துப்புவதற்குச் சுற்றும் முற்றும் பார்த்தாள். கிண்ணம் கொண்டுவர மறந்துவிட்டேன். சேலைத் தலைப்பை எடுக்கப் போனாள். நான் கையை நீட்டினேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாய் நிறையச் சோறு, பேச முடியவில்லை. கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நான் கையை எடுக்கவில்லை.

துப்பினாள். சூடாக, கொழகொழவென்று என் உள்ளங்கையில் விழுந்தது. இந்த நோட்டில் பொய் எழுத மாட்டேன், எனக்குக் குமட்டியது. அறுபத்து நாலு வயது உடம்பு, அது ஒரு வாரத்தில் மாறிவிடாது. முகம் எப்படிப் போனதோ எனக்குத் தெரியாது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறைய நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "உப்புக் கூடிட்டு" என்றாள்.

"அப்ப போதுமா?"

"யாரு போதும்னா? இன்னொரு வாய் தாங்க."

இடது கையில் அது இருந்தது. வலது கையால் அடுத்த வாயைப் பிசைந்தேன்.